வாடைக்கு முன் எதை வாங்கலாம்: கப்பி, செயின் புளொக், வின்ச்

வாடை எழும்பத் தொடங்கினால் திருகோணமலைக் கரையில் எல்லாருக்கும் ஒரே வேலைதான். வள்ளத்தை மேலே ஏற்ற வேண்டும், எஞ்சினைக் கழற்றி வாடிக்குள் தூக்கி வைக்க வேண்டும். பட்டினத்து ஹாட்வெயார்க் கடைகளில் கப்பிக்கும், சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் புளொக்குக்கும் ஆள் கூடுவதும் அந்த நேரத்தில்தான். பெட்டியில் "1 தொன்" என்று இருந்தால் போதும் என்று தூக்கிக்கொண்டு போகிறார்கள். கையை விட்டால் சுமை அந்தரத்தில் நிற்குமா, நிலாவெளிக் காற்றில் எத்தனை வருசம் கறள் பிடிக்காமல் சுழலும் என்பதெல்லாம் பெட்டியில் எழுதியிருக்காது. அது உள்ளே கப்பியும் பற்சில்லும் கோர்த்திருக்கும் விதத்தில் இருக்கிறது. இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சாமான்களை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதற்குள் போகவில்லை.

கயிறும் கப்பியும்

மலிவானதிலிருந்தே தொடங்கலாம். மேலே கட்டிய ஒற்றைக் கப்பி இழுவையைக் குறைக்காது, திசையைத்தான் மாற்றும். 50 கிலோ தூக்க 50 கிலோவுக்கு மேலேயே இழுக்க வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது கப்பி தொங்கும் தீராந்தியை. ஒரு பக்கம் சுமை, மறுபக்கம் உங்கள் இழுவை, இரண்டும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் அந்த மரத்தில்தான் விழும். 70 கிலோ மட்டில் வரும் 40 குதிரைவலு எஞ்சினை வாடியின் குறுக்கு மரத்தில் ஒற்றைக் கப்பி கட்டித் தூக்கினால் மரம் தாங்குவது 140 கிலோவுக்கு மேல். மரம் முறிந்தபின் கயிற்றைக் குறை சொல்வதில் பயனில்லை.

சுமையோடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் இழுவை பாதியாகும், இழுக்க வேண்டிய கயிறு இரட்டிப்பாகும். மேலே இரண்டு சில்லு, கீழே இரண்டு சில்லு என்று போட்டால் சுமையை நாலு கயிறு தாங்கும். பள்ளிக்கூடக் கணக்குப்படி 200 கிலோவுக்கு 50 கிலோ இழுத்தால் போதும். கடைக்கப்பியில் அது நடக்காது. பெயறிங் இல்லாமல் புஷ் (வெறும் உலோக வளையம்) போட்ட சாதாரணக் கப்பி ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு உராய்வில் போகிறது என்று வைத்துக்கொண்டால், நாலு சில்லுக்குப் பிறகு உண்மையில் கிடைப்பது 4 மடங்கு அல்ல, 3.1 மடங்கு. 200 கிலோவுக்கு 65 கிலோ இழுக்க வேண்டும். ஆறு சில்லுப் போட்டால் 6க்குப் பதில் 4.2. அதனால் சில்லைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, இருக்கிற சில்லுக்கு நல்ல பெயறிங் போடுவதுதான் இலாபம்.

கடையில் கப்பியைக் கையில் எடுத்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, சில்லின் விட்டம். நைலோன், பொலியெஸ்டர் கயிறுக்குக் கயிற்றின் விட்டத்தைப்போல் குறைந்தது 8 மடங்கு வேண்டும். 12 மில்லிமீற்றர் கயிறென்றால் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர்ச் சில்லு. 50 மில்லிமீற்றர்ச் சில்லில் அதே கயிற்றை ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் உள்நார் நசிந்து, வெளியே நல்லாகத் தெரியும் கயிறு உள்ளே பொடியாகும். இரண்டாவது, பள்ளம். கயிறு அதில் சும்மா உட்கார வேண்டும், பள்ளத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே கயிறு நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. சுமை ஏறிய நேரம் கயிறு அந்த இடைவெளிக்குள் விழுந்தால் கப்பி இறுகி நின்றுவிடும், இறக்கவும் முடியாது ஏற்றவும் முடியாது. மூன்றாவது அச்சாணி. அலுமினியச் சில்லுக்கு இரும்பு ஆணி போட்டது உப்புக்காற்றில் ஒரு வருசத்தில் வெள்ளைப் பொடி கக்கி ஒட்டிக்கொள்ளும். நைலோன் சில்லும் கறள்படாத உருக்கு ஆணியும் சேர்ந்ததுதான் கரைக்குச் சரி. அதிலும் உருக்கின் தரம் 316 என்று முத்திரை இருந்தால் 304 தரத்தைவிட நல்லது.

கிணற்றுக் கப்பிக்கும் இதே விதிதான். கிறீச்சிடும் வார்ப்பிரும்புக் கப்பியை எறியத் தேவையில்லை. லேத்தில் கொடுத்து நடுத்துளையை 35 மில்லிமீற்றராகக் கடைந்து 6202 பெயறிங் ஒன்றை இறுக்கிப் போட்டு, 15 மில்லிமீற்றர் ஆணி ஏற்றினால் வாளி பாதிப் பாரமாகிவிட்டதுபோல் இருக்கும். பெயறிங் வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் "2ஆர்எஸ்" என்று இருப்பதைக் கேளுங்கள். அது இரண்டு பக்கமும் றப்பர் மூடி உள்ளது. "இசட்இசட்" என்பது தகரமூடி, ஈரம் புகும்.

கரையில் வள்ளம் இழுக்கக் கப்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. எஞ்சினும் வலையும் எடுத்த வள்ளம் 500 கிலோ, கரைச் சரிவு 8 அடிக்கு 1 அடி என்று வையுங்கள். சரிவுக்காக மட்டும் 62 கிலோ இழுவை. வெறும் மணலில் வள்ளத்தின் அடி உரசுவதற்கு ஏறக்குறைய பாரத்தின் பாதி, அதாவது 250 கிலோ. மொத்தம் 310 கிலோ. அடியில் பனங்குற்றியோ பைப்போ உருளை போட்டால் உரசல் 50 கிலோவுக்கு இறங்கி மொத்தம் 110 கிலோவாகும். எந்தக் கப்பியும் தராத சேமிப்பு இது. அதோடு கப்பிக் கோர்வையைத் திருப்பிப் போட வேண்டும். தூக்கும்போது கயிற்றின் நுனி மேல்கப்பியிலிருந்து இறங்கி வருவது வழக்கம். கரையில் அப்படிச் செய்யத் தேவையில்லை. இரட்டைக் கப்பி வள்ளத்தில், ஒற்றைக் கப்பி கரைக்குற்றியில், நீங்கள் இழுக்கும் நுனி வள்ளத்துக் கப்பியிலிருந்து வர வேண்டும். மூன்றே சில்லில் நாலு கயிறு வள்ளத்தை இழுக்கும், உராய்வு போக 3.4 மடங்கு கிடைக்கும். உருளை போட்ட வள்ளத்துக்கு 33 கிலோ இழுவை, ஒரு ஆள் போதும். விலை கயிற்றில் வரும்: 20 மீற்றர் இழுக்க 80 மீற்றருக்கு மேல் கயிறு வேண்டும். மலிவான பொலிபுறொப்பிலீன் கயிறு வெயிலில் நார்நாராகும், பொலியெஸ்டர் எடுங்கள். நைலோன் இழுபடும். அறுந்தால் சவுக்குப்போல் திரும்பி அடிக்கும்.

செயின் புளொக்

இந்தப் பட்டியலில் காசுக்கு அதிக பெறுமதி தருவது 1 தொன், 3 மீற்றர் செயின் புளொக்தான். கராஜ், வாடி, வீடு கட்டுகிற இடம் எங்கும் பயன்படும். அதனால் இதைக் கொஞ்சம் திறந்தே பார்ப்போம்.

கைச்சங்கிலி ஓடும் பெரிய சில்லு ஒரு மெல்லிய தண்டைச் சுற்றுகிறது. தண்டின் மறுமுனையில் சில பல்லே உள்ள சிறிய பற்சில்லு. அது இரு புறமும் நேரெதிரே நிற்கும் இரண்டு பெரிய பற்சில்லுகளை ஒரே நேரத்தில் ஓட்டும். இரண்டு இருப்பது அலங்காரத்துக்கல்ல. ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் தண்டு வளையும், இரு பக்கமும் தள்ளும்போது ஒன்றையொன்று சமன் செய்யும். அந்த இரண்டின் நடுவில் உள்ள சின்னப் பல்லுகள் சேர்ந்து இன்னொரு பெரிய பற்சில்லை ஓட்டும். அதுதான் சுமைச்சங்கிலியின் சில்லைச் சுற்றுகிறது. உதாரணத்துக்கு முதற்கட்டம் 5க்கு 1, இரண்டாம் கட்டம் 3க்கு 1 என்றால் 15. கைச்சில்லு சுமைச்சில்லைவிட 2.7 மடங்கு பெரிதானால் மொத்தம் 40. சுமை 1 மீற்றர் உயர நீங்கள் 40 மீற்றர் கைச்சங்கிலி இழுக்க வேண்டும், பதிலுக்கு 1000 கிலோவை 32 கிலோ இழுவையில் தூக்கலாம். உராய்வில் போவது ஐந்தில் ஒரு பங்குதான். பல கப்பி கோர்த்த கயிறு இதற்குக் கிட்டவும் வராது. தீராந்திக்கும் இது இரக்கமானது: 1000 கிலோவோடு புளொக்கின் பாரமும் உங்கள் 32 கிலோவும்தான் மேலே தொங்கும், ஒற்றைக் கப்பிபோல் இரட்டிப்பாகாது.

நிறுத்துவது பற்சில்லு அல்ல. கைச்சில்லு தண்டில் மரைபோட்டு ஏறியிருக்கிறது. அதற்குப் பின்னால் இரண்டு உராய்வுத் தட்டு, நடுவில் வெட்டுப்பல் சில்லு, அதில் விழும் கொக்கி. தூக்கும்போது மரை இறுகித் தட்டுகளை நெரிக்கும், கொக்கி "கிளிக் கிளிக்" என்று பல்லில் விழுந்துகொண்டே வரும். கையை விட்டால் சுமை தண்டைப் பின்னுக்குச் சுற்றப் பார்க்கும், அந்தச் சுற்றலே மரையை இன்னும் இறுக்கும். வெட்டுப்பல் சில்லைக் கொக்கி பின்னால் போக விடாது. இறக்க எதிர்ப்பக்கம் இழுத்தால் மரை கொஞ்சம் தளரும், சுமை கொஞ்சம் இறங்கும், திரும்ப இறுகும். ஆகவே தூக்கும்போது சத்தம் வர வேண்டும், இறக்கும்போது வரக் கூடாது. தூக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் கொக்கி விழவில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள்.

கரையோரத்தில் முதலில் போவது இந்தக் கொக்கியின் சின்னச் சுருள்வில்தான். கறள் பிடித்து ஒடிந்துவிடும், அல்லது கொக்கி அச்சில் ஒட்டி எழும்பியபடியே நிற்கும். வருசத்துக்கு ஒரு தரம், வாடைக்கு முன்னால், கைச்சில்லுப் பக்க மூடியின் நட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். கொக்கியின் அச்சில் ஒரு துளி ஓயில் போதும். உராய்வுத் தட்டில் ஓயிலோ கிறீஸோ படக் கூடாது. "நல்லாச் சுத்தட்டும்" என்று உள்ளே முழுக்கக் கிறீஸ் அப்பிவிடுவதால் வழுக்கிய புளொக்குகள்தான் அதிகம். கிறீஸ் மறுபக்க மூடிக்குள் இருக்கும் பற்சில்லுகளுக்கு. சங்கிலிக்கு மெல்லிய ஓயில்.

பற்சில்லுப் பக்கத்தைத் திறந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரட்டைப் பற்சில்லு ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி அடையாளம் குத்தியிருக்கும். திரும்பப் பூட்டும்போது இரண்டு புள்ளியும் பழைய இடத்தில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஒரு பல்லு மாறினால் பாரம் முழுவதும் ஒரே சில்லில் ஏறும், இழுக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இறுகும். அப்படி இறுகுகிற பாவித்த புளொக் யாரோ கழற்றிப் பிழையாகப் பூட்டியது. பல்லு தேயாமல் இருந்தால் அதை மலிவாக வாங்கிச் சரிசெய்யலாம்.

கடையில் சோதிக்க இரண்டு சீமெந்து மூட்டை போதும், 100 கிலோ. அரை அடி தூக்கி, சங்கிலியில் சோக்கால் கோடு போட்டு, பத்து நிமிடம் விடுங்கள். கோடு இறங்கக் கூடாது. 10 கிலோ, 15 கிலோவைத் தொங்கவிட்டுச் சோதிப்பதில் பயனில்லை, அவ்வளவு சின்னப் பாரத்துக்கு மரை ஒழுங்காக இறுகாது. பாவித்த சாமான் என்றால் சங்கிலியை அளக்க வேண்டும். 6 மில்லிமீற்றர்ச் சங்கிலியில் வழக்கமான வளைய நீளம் 18 மில்லிமீற்றர், ஆகவே ஐந்து வளையத்துக்கு 90. அது 92.7ஐத் தாண்டினால், அதாவது 3 சதவீதம் நீண்டிருந்தால், சங்கிலி முடிந்தது. நீண்ட சங்கிலி சில்லின் குழியில் சரியாக உட்காராமல் பாரத்தோடு துள்ளும். கொளுக்கியின் வாய் விரிந்திருந்தால் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். கிட்டோ, நிட்சி போன்ற ஜப்பான் பெயருள்ள பாவித்த புளொக்கும் பெயர் தெரியாத புதிய புளொக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்தால், சங்கிலி அளவு சரியாக இருக்கும் பட்சத்தில் பாவித்ததே எங்கள் தெரிவு. புதியதை எடுப்பதானால், இடுக்கில் தெரியும் பற்சில்லில் அரத்தை இலேசாக வைத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் பல்லு பதப்படுத்தியது, கீறினால் பச்சை இரும்பு.

2 தொன் புளொக்கில் பலவற்றில் 1 தொன்னின் அதே இயந்திரம்தான் இருக்கும். கீழ்க் கொளுக்கியில் ஒரு நகரும் கப்பி போட்டுச் சங்கிலியை இரட்டையாக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். வேகம் பாதி. கொளுக்கி ஒரு தரம் சங்கிலிக்கு நடுவால் புரண்டு வந்தால் சங்கிலி முறுகும், முறுகிய சங்கிலியில் பாரம் ஏற்றினால் வளையம் குறுக்கே சிக்கும். ஒவ்வொரு முறையும் வெல்டிங் பொட்டுகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று கண்ணோட்டம் விட்டால் தெரிந்துவிடும். லொறி எஞ்சின் தூக்காதவருக்கு 2 தொன் வேண்டியதில்லை.

செயின் புளொக்கைப் படுக்கையாகப் போட்டு வள்ளம் இழுக்காதீர்கள். கைச்சங்கிலி சில்லிலிருந்து கழன்று விழும், மணலும் உள்ளே போகும். அந்த வேலைக்கு லீவர் புளொக் இருக்கிறது, உள்ளே ஏறக்குறைய இதே அமைப்பு, கைச்சங்கிலிக்குப் பதில் ஆட்டும் கைபிடி. எந்தத் திசையிலும் இழுக்கும். சங்கிலி 1.5 மீற்றர்தான் வருவதால் நீண்ட கரைக்குச் சரிவராது. சிக்கிய வள்ளத்தை அசைக்க, எஞ்சின் தளத்தை நகர்த்த நல்லது.

கை வின்ச்

கரைக்குற்றியில் பூட்டிக் கைபிடியால் சுற்றுகிற வின்ச் இரண்டு விதமாக வருகிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும்.

ஒன்று நேர்ப்பல் வின்ச். சின்னப் பற்சில்லு பெரியதை ஓட்டும், பெரியதோடு கயிற்று உருளை. பல்லு விகிதம் 4க்கு 1, கைபிடி 240 மில்லிமீற்றர், உருளையின் ஆரை 30 மில்லிமீற்றர் என்றால் 4ஐ 8ஆல் பெருக்கி 32 மடங்கு, உராய்வு போக 25 என்று எடுங்கள். 310 கிலோ இழுவைக்குக் கையில் 12 கிலோ. கயிறு அடுக்கடுக்காகச் சுற்றி ஆரை 60 ஆனதும் அது 25 கிலோவாகும். பெட்டியில் எழுதியிருக்கும் இழுவை, கயிறு முதல் அடுக்கில் இருக்கும்போது கிடைப்பது. வள்ளம் மேலே வரவர வின்ச் இறுகுகிறது என்று பலர் முறைப்பாடு சொல்வதற்குக் காரணம் இதுதான், சாமானில் பிழையில்லை. முதல் அடுக்கில் ஒரு சுற்றுக்கு 47 மில்லிமீற்றர்தான் நகரும், 20 மீற்றருக்கு நூற்றுக்கணக்கான சுற்று. பொறுமை வேண்டும். எவ்வளவு வெளியே இழுத்தாலும் உருளையில் மூன்று சுற்று மிச்சமிருக்கட்டும், நுனியைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி பாரம் தாங்காது.

இந்த வகையில் மலிவானதில் கொக்கி மட்டும் இருக்கும், பிரேக் இராது. இறக்கக் கொக்கியைத் தூக்கிய அந்த நொடி முழுப் பாரமும் கைபிடிக்கு வரும். கை நழுவினால் கைபிடி விசிறியாகச் சுழன்று முன்கையை முறிக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்து, செயின் புளொக்கில் இருப்பது போன்ற உராய்வு பிரேக் உள்ளதை எடுங்கள். அடையாளம் எளிது: இறக்கும்போதும் கைபிடியைச் சுற்றித்தான் இறக்க வேண்டும், விட்டால் அப்படியே நிற்கும்.

மற்றது வேர்ம் கியர் வின்ச். மரைபோன்ற ஒரு தண்டு, அதற்குக் குறுக்கே ஒரு பற்சில்லு. தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரே ஒரு பல்லுதான் நகரும். 30 பல்லென்றால் ஒரே கட்டத்தில் 30க்கு 1. மரையின் சரிவு மிகக் குறைவாக இருப்பதால் சில்லு தண்டைத் திருப்பி ஓட்ட முடியாது, பிரேக் இல்லாமலே நிற்கும். கேட்க நல்லாக இருக்கிறது. ஆனால் நேர்ப்பல் ஒன்றன்மேல் ஒன்று பெரும்பாலும் உருளும், வேர்மோ முழு நேரமும் வழுக்கி உரசும். நீங்கள் போடும் வேலையில் பாதிக்கு மேல் உரசலிலேயே போகும். பித்தளைக் கலவைச் சில்லும் உருக்குத் தண்டும் என்றால் நீண்டகாலம் உழைக்கும். இங்கே வரும் மலிவானவற்றில் இரண்டும் இரும்பு, மூடியும் இல்லை. ஈரமணல் கிறீஸோடு சேர்ந்தால் அரைக்கிற சாந்துதான். பல்லு கத்தி முனையாகத் தேய்ந்து, ஒரு நாள் மொத்தமாக உரிந்து போகும். தேயத் தேயத் தானாக நிற்கும் குணமும் நம்பக்கூடியதாக இராது, அதிர்வு இருந்தால் மெல்ல மெல்ல இறங்கும். மூடிய பெட்டிக்குள் ஓயிலில் ஓடும் வேர்ம் கியர் கிடைத்தால் தவிர, உப்புவெளியிலோ திருக்கடலூரிலோ கரையில் வைக்க இதை வாங்க வேண்டாம்.

எந்த வின்ச் ஆனாலும் இரும்புக் கம்பிக் கயிறு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உள்ளே கறள் பிடிப்பது வெளியே தெரியாது, அறுந்த இழை கையைக் கிழிக்கும். 50 மில்லிமீற்றர் பொலியெஸ்டர்ப் பட்டி போட்டது கொஞ்சத் தூரமே வந்தாலும் நல்லது. வேலை முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காய்ந்தபின் பல்லுக்குத் தண்ணீர் தாங்கும் மரீன் கிறீஸ் பூசுங்கள்.

மின்சார மினி ஹொயிஸ்ட்

மாடி கட்டுகிறவர்கள் கல்லும் சாந்தும் ஏற்ற வாங்கும் சிவப்பு, மஞ்சள் நிற மோட்டர்கள் இவை. உள்ளே சாய்பல் கியர், சத்தம் குறைவு. பெட்டியில் "100/200 கிலோ" என்று இருந்தால் ஒற்றைக் கம்பியில் 100, கூட வரும் கப்பிக் கொளுக்கியைப் போட்டால் 200. வேகம் நிமிடத்துக்கு 10 மீற்றரிலிருந்து 5 மீற்றராகும், உயரம் 12இலிருந்து 6 மீற்றராகும். முதலில் சொன்ன நகரும் கப்பிதான் இதுவும். 200 என்று நினைத்து ஒற்றைக் கம்பியில் 150 ஏற்றுவதுதான் இங்கே நடக்கிற பிழை. தொடர்ந்து ஓட்டவும் ஆகாது. பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஓட, மிச்சம் ஆற வேண்டும் என்று தகட்டிலேயே 20 சதவீதம் என்று குறித்திருக்கும். மேசன்மார் அதைப் பார்ப்பதில்லை, மோட்டர் கருகியபின்தான் தகடு ஞாபகம் வரும். ஆள் ஏற எந்தக் காரணத்துக்கும் பாவிக்கக் கூடாது.

கட்டட வேலைக்கு இது வாங்கலாம், கரையில் வைக்க வேண்டாம். வாங்கிய அன்றே பாரமில்லாமல் கொளுக்கியை மேலே ஓட்டி, எல்லை நெம்பு தட்டுப்பட்டதும் மோட்டர் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் கம்பி அறும்வரை இழுக்கும். அதைப் பெட்டியோடு கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.